இலகுவான ஏர் ரைஃபிளை உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுதல்: கடலூர், புதுச்சேரிப் புதியவர்களுக்கான வழிகாட்டி

எடை குறைந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தம் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கும் இளைஞர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். மலைச் சரிவுகளில் நாள் முழுவதும் நடக்க வேண்டிய வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு அரைக் கிலோ குறைந்தாலும் பெரிய ஆறுதல் என்பதால், அந்நாடுகளில் மெலிந்த குழலும் கார்பன் இழையால் ஆன கட்டையும் (தோளில் ஊன்றிப் பிடிக்கும் பகுதி) கொண்ட துப்பாக்கிகளுக்குத் தனிச் சந்தை உண்டு. இங்கே அதற்கு வழியில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் வெடிமருந்துத் துப்பாக்கியைச் செய்வதையும் மாற்றியமைப்பதையும் பழுது பார்ப்பதையும் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றிச் செய்பவருக்கான தண்டனை 7 ஆண்டுச் சிறையில் தொடங்கி ஆயுள் சிறை வரை செல்லும். வேட்டையோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் ஏறக்குறைய முழுமையாக மூடப்பட்டுவிட்டது. ஊசுட்டேரிக்கு வரும் வலசைப் பறவையையும் பெருமாள் ஏரிக் கொக்கையும் ஏர் கன்னால் சுடுவதுகூடக் குற்றம்தான்.

ஆனால் அந்த ஆசையின் உள்ளே இருக்கும் கைவேலை வீணாகத் தேவையில்லை. ஒரு துப்பாக்கியைத் தன் உடலுக்கு ஏற்ப அமைப்பது, எடையை எங்கே குறைப்பது, எங்கே விட்டுவைப்பது என்று எண்ணிப் பார்ப்பது, மரத்தை இழைத்துப் பொருத்துவது ஆகிய அனைத்தையும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளில் சட்டத்துக்கு உட்பட்டே செய்யலாம். குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றையும் முகவரி, வயதுச் சான்றுகளையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொள்வார். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக் விளையாட்டாகவும் இருப்பதால், பழகிய கை மேலே செல்வதற்கும் பாதை இருக்கிறது. பாரிஸ் 2024, டோக்கியோ 2020 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தப் பிரிவில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர்தான். அவர் வளர்ந்ததும் பயின்றதும் குஜராத்தில் என்றாலும், இவ்வூர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சற்று உரிமையோடு சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

எந்த ரைஃபிள்

புதியவர் முன் மூன்று வகைகள் இருக்கின்றன. குழலை மடித்துச் சுருளை இறுக்கும் ஸ்பிரிங் வகை விலை குறைந்தது, உள்நாட்டிலேயே கிடைக்கிறது. சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்றை அடைத்துக்கொள்ளும் பிசிபி வகையை உள்நாட்டு நிறுவனங்களும் செய்கின்றன. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் போட்டி ரைஃபிள்களும் பிசிபிதான், ஆனால் அவற்றின் விலை இலட்சங்களில் இருக்கும். முதல் ஆண்டில் ஜெர்மானிய ரைஃபிளை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகவே முடியும் என்பது என் கருத்து. உடல் எந்த நிலையில் நிற்கப் போகிறது என்பது தெரியாதவருக்கு, அதன் இருபதுக்கும் மேற்பட்ட திருகுகள் குழப்பத்தை மட்டுமே தரும்.

வாங்கும்போது ஆற்றலைப் பற்றி வியாபாரி பெருமையாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். போட்டி ரைஃபிளிலிருந்து அரை கிராமைச் சற்றே தாண்டும் ஈயக் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறுகிறது. ஆற்றலாகக் கணக்கிட்டால் 8 ஜூலுக்கும் குறைவு. 10 மீட்டர் தொலைவில் அட்டையைத் துளைக்க அதுவே போதும். ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவரிடம் ரைஃபிளைக் கொடுக்கவே கூடாது. 20 ஜூல் என்ற எல்லையைத் தாண்டிய மறுகணமே அது உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடும். அதோடு அதிர்வும் கூடிக் குறியும் கெட்டுப்போகும்.

உடலை அளத்தல்

சர்வதேசப் போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகக் கூடாது. பயின்ற வீரர்களில் பலர் அந்த எல்லைக்கு அருகிலேயே வைத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் நின்று சுடும்போது எடை துப்பாக்கியின் ஆட்டத்தை மெதுவாக்குகிறது. வேட்டைக்காரரின் கணக்கும் இலக்குச் சுடுநரின் கணக்கும் இங்கே நேர் எதிராகப் போகின்றன. இருந்தாலும் 45 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவி ஒருவர் முதல் நாளே 5 கிலோவைத் தூக்கி நின்றால் முதுகு வளைந்து, தோள் நடுங்கி, நிலையே தவறாகப் படிந்துவிடும். 3 முதல் 4 கிலோ வரையுள்ள ரைஃபிளில் தொடங்கி, நிலை உறுதிப்பட்ட பிறகு சிறிது சிறிதாக எடையைச் சேர்ப்பதே சரியான வரிசை.

எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது நீளம். டிரிகரிலிருந்து கட்டையின் பின் விளிம்பு வரையுள்ள தொலைவு, பெரியவர்களுக்கான கடை ரைஃபிள்களில் பெரும்பாலும் 35 அல்லது 36 சென்டிமீட்டர் இருக்கும். குண்டு போடப்படவில்லை என்பதை உறுதி செய்த பிறகு, கட்டையின் பின் விளிம்பை முழங்கை மடிப்பில் வைத்துச் சுட்டுவிரலை டிரிகரை நோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி இயல்பாக டிரிகரில் படிந்தால் அளவு ஏறக்குறையச் சரி. விரல் நுனி மட்டும் எட்டினால் கட்டை நீளம். கண்ணாடி முன் நின்று ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: நீளமான கட்டை, பிடிப்பவரின் உடலைப் பின்னோக்கிச் சாய வைக்கும்.

அடுத்தது கன்னத்தின் உயரம். கண்ணை மூடிக்கொண்டு, தலையை நேராக வைத்து, கன்னத்தைக் கட்டையின் மேல் இறக்கிய பின் கண்ணைத் திறக்க வேண்டும். பின் சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) நடுவே முன் சைட் தெரிந்தால் உயரம் சரி. தலையை இறக்கியோ தூக்கியோ தேட வேண்டியிருந்தால் கன்னம் வைக்கும் மேடை, அதாவது சீக் பீஸ், தேவைப்படுகிறது. இந்த ஒன்றைச் சரி செய்தால் புதியவரின் குண்டுகள் சிதறுவது குறையும், ஏனெனில் தலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அமர்வது சிதறலுக்கு ஒரு முக்கியக் காரணம்.

மர வேலை

இனி வருவதை ஸ்பிரிங் வகை ரைஃபிளை மனத்தில் கொண்டு சொல்கிறேன். குழலோ உருளையோ டிரிகர் அமைப்போ நாம் தொடக்கூடாதவை. உருளைக்குள் இருக்கும் சுருள் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கிறது. தக்க கருவியின்றி அதைத் திறந்தால் பாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும். கட்டையை மட்டும் கழற்ற வேண்டும். பெரும்பாலான ரைஃபிள்களில் முன்பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொன்றும் டிரிகர் வளையத்தருகே ஒன்றிரண்டும் என மூன்று நான்கு திருகுகளே அதைப் பிடித்திருக்கும். கழற்றிய திருகுகளை இடம் குறித்துத் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது, அவற்றின் நீளங்கள் வேறுபடக்கூடும்.

மரத்தைத் தொடுமுன் ஒரு வாரம் தற்காலிகமாக அமைத்துப் பழக வேண்டும். செருப்புத் தைக்கும் கடைகளில் கிடைக்கும் ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காக வைத்துத் துணிப் பட்டையால் கட்டிக் கன்ன உயரத்தைச் சோதிக்கலாம். உயரம் நிலைப்பட்ட பிறகுதான் மரத்தில் செய்ய வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் இதற்கு மிகப் பொருத்தமானது: தேக்கைவிட மலிவு, உளிக்கு இணங்கும், நன்றாக உலர்ந்ததாக இருந்தால் எளிதில் வளையாது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டின் அடிப்பக்கத்தைக் கட்டையின் மேல் வளைவுக்கு ஏற்ப அரைவட்ட அரத்தால் குடைந்து, மேல்பக்கத்தைக் கன்னம் படியும்படி உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். இரண்டு மரைத் திருகுகளை நிறுத்தி, அவற்றின் மேல் துண்டை ஏற்றி இறக்கும்படி அமைத்தால் பின்னாளில் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஓரங்களில் கூர்மை சிறிதும் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கன்னத்தை அழுத்திக்கொண்டிருக்கப் போகும் பொருள் அது.

நீளத்தைக் குறைப்பதற்கு, பின் விளிம்பிலுள்ள ரப்பர் தட்டைக் கழற்றி, கட்டையை இரண்டு சென்டிமீட்டர் அறுக்கலாம். அறுபட்ட துண்டைத் தூக்கி எறியாமல் நீண்ட திருகோடு வைத்துக்கொண்டால், வளரும் பிள்ளைக்கு அதையே மீண்டும் இடைத்தகடாகப் போடலாம். அறுக்கும் கோணம் பழைய விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதால், கைவாளில் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தச்சரிடம் விட்டுவிடுவது நலம். உலோகப் பகுதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் கட்டையை மட்டும் எடுத்துச் சென்றால் பட்டறையில் தேவையற்ற கேள்விகள் எழாது.

எடை குறைப்பதற்காகக் கட்டையின் பின்புறத்தில் துளை போடும் வழக்கம் உண்டு. அதைச் செய்யுமுன் கணக்கைப் பார்க்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டமும் 12 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு துளையிலிருந்து வெளிவரும் மரம் ஏறக்குறைய 59 கன சென்டிமீட்டர். தேக்குக்கு நிகரான அடர்த்தி என்றால் 40 கிராமுக்கும் குறைவு. இரண்டு துளை போட்டாலும் 80 கிராம் தேறாது. ஆனால் ஒரு டெலஸ்கோப்பும் அதன் பிடிகளும் சேர்ந்து அரைக் கிலோ வரை இருக்கும்! 10 மீட்டர் போட்டிகளில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே இல்லாதபோது, அதைக் கழற்றி வைப்பதுதான் எடை குறைப்பின் முதற்படி. துளை போடுவதில் பயன் இல்லாமல் இல்லை, ஆனால் அது எடையில் அன்று, சமநிலையில்தான் தெரியும். பின்னாலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு கிராமும் துப்பாக்கியின் சமநிலைப் புள்ளியைக் குழல் பக்கம் நகர்த்துகிறது. மூன்று கிலோ ரைஃபிளில் அந்த இரண்டு துளைகளும் புள்ளியை 8 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே தள்ளும். முன்பாரம் குறைவாக இருந்து குழல் துள்ளுபவருக்கு அது உதவி, ஏற்கெனவே மூக்கு கனத்த ரைஃபிளை வைத்திருப்பவருக்கு அது கெடுதல். எப்படியானாலும் கைப்பிடி மெலியும் இடத்துக்கு நான்கு சென்டிமீட்டர் முன்பாகவே துளை நின்றுவிட வேண்டும். கட்டைகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

வேலை முடிந்த மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது என்பதால் விரித்து வெளியில் காயவைக்க வேண்டும்.

வீட்டுக்குள் 10 மீட்டர்

திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரியின் தமிழர் வீதிகளிலும் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே கோட்டில் நீளும் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடைபாதை 10 மீட்டர்த் தளமாகப் பயன்படும். மொட்டை மாடி ஒருபோதும் வேண்டாம்: தவறிய குண்டு அடுத்த வீட்டுக்குப் போகும், பார்ப்பவரும் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவார். சுடும் கோட்டுக்கும் இலக்குக்கும் இடையே திறக்கும் கதவு எதுவாக இருந்தாலும் உள்ளே தாழிட்டிருக்க வேண்டும். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது போட்டி அளவு.

குண்டு பிடிக்கும் பெட்டியை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து வாங்கலாம். முப்பது சென்டிமீட்டர்ச் சதுர வாய், உள்ளே கீழ்நோக்கி 45 பாகை சாய்ந்த 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அடியில் மணல் தட்டு என்பதே அதன் அமைப்பு. சாய்வின்றி நேராக நிற்கும் தகடு குண்டின் சிதறலைச் சுடுபவரை நோக்கியே திருப்பி அனுப்பும். பெட்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர்ச் சதுரத்துக்குத் தடித்த பிளைவுட் பலகையை நிறுத்த வேண்டும், ஏனெனில் முதல் வாரங்களில் பெட்டியின் வாய்க்குள் எல்லாக் குண்டுகளும் போகும் என்று நம்ப முடியாது. இரும்பு உருண்டைகளை இங்கே பயன்படுத்தவே கூடாது, அவை தெறிக்கும். தட்டை முகமுள்ள ஈயக் குண்டு மட்டுமே ஏற்றது. அறையில் இருக்கும் அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

ஈயம் நஞ்சு என்பதைச் சிறுவர்கள் இருக்கும் வீட்டில் மறக்கக் கூடாது. குண்டுகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழைய பழக்கம் சிலரிடம் உண்டு. அதை அடியோடு நிறுத்த வேண்டும். பெட்டியின் அருகே துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும் என்பதால் ஈரத் துணியால் துடைப்பதே சரி. சுட்டு முடித்ததும் சோப்பால் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

முதல் குண்டுகள்

முதலில் மேசையில் அமர்ந்து, மணல் மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையின் மேல் ரைஃபிளைத் தளர்வாகக் கிடத்திச் சுட வேண்டும். ஸ்பிரிங் வகையில் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னும் முன்னும் குலுங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகிக் குண்டு சிதறும். கோழிக்குஞ்சைப் பிடிப்பது போன்ற பிடி போதும். ஐந்து குண்டுகளைச் சுட்டு அவை எங்கே கூடுகின்றன என்று பார்த்த பிறகே சைட்டைத் திருப்ப வேண்டும், ஒரே குண்டைப் பார்த்துத் திருப்பக் கூடாது.

பிறகு நின்று சுடும் நிலை. வலக்கைக்காரர் இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ ஊன்ற வேண்டும். ரைஃபிளின் பாரம் கை, இடுப்பு, கால் என எலும்புகளின் வழியே தரைக்கு இறங்க வேண்டும். தசை தூக்கினால் நிமிடத்துக்குள் நடுங்கத் தொடங்கும். குறி வைத்த பின் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் குழல் எங்கே நிற்கிறதோ அதுவே உடலின் இயல்பான திசை. அது இலக்குக்கு விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பாதங்களை நகர்த்தித் திருத்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, எட்டு நொடிக்குள் டிரிகர் விடுபடவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு கண் மங்கத் தொடங்கும்.

குண்டில்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது இவ்விளையாட்டின் பாதி. பல பிசிபி போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது. ஸ்பிரிங் வகையில் குண்டின்றி விடுவித்தால் பிஸ்டன் மோதிச் சேதமாகும் என்பதால், சுருளை இறுக்காமலே தோளில் வைத்து, நிலையையும் மூச்சையும் மட்டும் பழக வேண்டும்.

அட்டையில் பத்து மதிப்பெண் வட்டம் அரை மில்லிமீட்டர்ப் புள்ளிதான். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9. பாரிஸில் இளவேனில் எடுத்த 630.7, சராசரியாகக் குண்டுக்கு 10.5ஐத் தாண்டுகிறது. அந்தத் தகுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது பத்தாம் இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரே செல்ல முடியும். வீட்டில் முதல் மாதத்தில் எல்லாக் குண்டும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தாலே மகிழலாம். அதற்கு மேல் செல்ல விரும்புவோர் தேசிய ரைஃபிள் சங்கத்தின் இணைப்புப் பெற்ற மன்றத்தில் சேர வேண்டும். சைட், சீக் பீஸ் ஆகியவற்றுக்குப் போட்டி அளவுகள் உண்டு என்பதால், வீட்டில் செய்ததை அங்குள்ள பயிற்றுநரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்புக் காற்றும் சாலையும்

கடற்கரையோர ஊர்களில் துப்பாக்கியைக் கெடுப்பது பயன்பாடு அன்று, காற்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வியர்வைக் கையின் தடம் ஒரே இரவில் இரும்பில் துருவாகிவிடும். சுட்டு முடித்ததும் உலோகப் பகுதிகளை எண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் நாட்கணக்கில் மூடி வைக்காமல், சிலிக்கா ஜெல் பைகளோடு பூட்டிய மர அலமாரியில் நிறுத்தி வைப்பது நல்லது. எண்ணெய் வெளிப்புறத்துக்கு மட்டுமே: உருளைக்குள் சொட்டினால் அழுத்தத்தில் தீப்பற்றி வெடித்துப் பிஸ்டனின் வளையத்தைக் கிழிக்கும். பிசிபி வைத்திருப்பவர்கள் சிலிண்டரில் பொறித்த நாளைப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடந்தவற்றைப் போட்டியில் ஏற்பதில்லை. அதில் நிரப்பும் காற்று ஈரமின்றி இருக்க வேண்டும், ஆகவே சைக்கிள் கடைக் கம்ப்ரசரை மறந்துவிடலாம்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ அங்கிருந்து இங்கோ கொண்டு செல்லும்போது, ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் மதுப் புட்டி தேடும் காவலர் நீண்ட பையைப் பார்த்துக் கேட்பது இயல்பே. வாங்கிய ரசீது, உற்பத்தியாளரின் ஆற்றல் சான்று, அடையாள அட்டை, மன்ற உறுப்பினர் அட்டை இருந்தால் அதுவும் என இவற்றின் நகல்களைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ரைஃபிள் குண்டின்றி, சுருள் இறுக்கப்படாமல், மூடிய பையில் இருக்கட்டும். குண்டு டப்பா வேறு பையில் போகட்டும். தேர்தல் அறிவிக்கப்பட்ட வாரங்களில் சோதனை கடுமையாகும் என்பதால், அந்த நாட்களில் பயணத்தைத் தவிர்த்து வீட்டுத் தளத்திலேயே பழகிக்கொள்ளலாம்.